அடித்து எழுதிய தீர்மானம்



நமது கூட்டமைப்பின் ஆண்டு விழா மலருக்குக் கொரோனா காலத்தைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும், நீதானே தீர்மானப் புத்தகம் எழுதினவள், நீயே எழுது என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார். முகக்கவசம் தைத்தது, கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தது, மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் தெளித்தது எல்லாம் ஆண்டறிக்கையில் கணக்கோடு வந்துவிட்டது. அதையே திரும்ப எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் அறிக்கையில் வராத ஒன்றை எழுதுகிறேன். நமது பழைய தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கும். பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான், அடித்ததும் நான்தான்.

ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிற சேம்பரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். புதிதாக வாழ வந்த மருமகள்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணி ஆறு போகிற வழியெல்லாம் செங்கல் சூளைதான். அங்கே கல் அறுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா மாநிலத்துக்காரர்கள். பொலாங்கிர், நுவாபடா, களஹாண்டி என்று அவர்கள் மேற்கு ஒடிசா மாவட்டங்கள். மழையை நம்பிய பூமி, நம்ம பக்கம் ராமநாதபுரம் மாதிரி. ஆவணி புரட்டாசி வாக்கில் நுவாகாய் என்று புதுநெல் பண்டிகை கொண்டாடுவார்கள். அது முடிந்ததும் சர்தார் என்கிற ஆள் பிடிக்கும் மேஸ்திரி வருவான். புருஷன், பொண்டாட்டி, ஒரு பிள்ளை, மூன்று பேரும் சேர்ந்து ஒரு கணக்கு. அதற்கு ஒரு முன்பணம். வாங்கிக் கடனை அடைத்துவிட்டு ரயில் ஏறி வருவார்கள். ஜனவரி தொடங்கி ஜூன் மழை வரைக்கும் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் கையில் வருவது வாரச் செலவுக்காசு மட்டும்தான். மொத்தக் கணக்கு கடைசியில்தான் தீரும்.

இப்படிப் போகிற ஆட்களை அவர்கள் ஊரில் தாதன் தொழிலாளி என்பார்களாம். இவர்கள் படுகிற கஷ்டத்தைப் பார்த்துத்தான் 1979ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநில ஆள் வைத்தால் பதிவு செய்ய வேண்டும், கூட்டி வருகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும், போகவர செலவு தர வேண்டும் என்று அதில் எல்லாம் இருந்தது. நான் இதை 2020க்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம்ம ஊரில் அந்தப் பாஸ்புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

ஆக, அவர்கள் நம் நாட்டு ஜனங்கள்தான். ஆனால் நம்ம ஊரில் எந்த நோட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. ரேஷன் கார்டு ஒடிசாவில். ஓட்டு ஒடிசாவில். ஆதார் பல பேருக்கு சர்தார் கையில். ஊராட்சிக் கணக்கில் இல்லை, அங்கன்வாடிக் கணக்கில் இல்லை. நாம் அவர்களுக்கு வைத்த பேர் "இந்திக்காரங்க". அவர்கள் பேசுவது இந்தியே இல்லை, ஒடியா. பத்து வருஷமாக வந்து போகிறவர்களின் பாஷை என்ன என்றுகூட நாம் கேட்டதில்லை.

2020 மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. அன்றைக்கே ரயில் நின்றது. 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார், 21 நாள் நாடே அடைப்பு என்று. நாங்கள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். மறுநாள் காலையில் ஊர்ப் பிள்ளைகள் கருவேல முள்ளை வெட்டி மூன்று பக்கமும் ரோட்டில் போட்டுவிட்டார்கள். வெளியூர் ஆள் உள்ளே வரக்கூடாது என்று அட்டை எழுதிக் கட்டினார்கள். அந்த அட்டைக்கு மார்க்கர் பேனா என் வீட்டில் இருந்துதான் போனது.

மார்ச் 29 ஞாயிற்றுக்கிழமை நிர்வாகிகள் மட்டும் வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினோம். சேம்பர் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள், பைப்பில் தண்ணீர் பிடிக்கிறார்கள், அவர்கள் சொந்தக்காரர்கள் எங்கெங்கேயோ இருந்து வந்து போகிறார்கள், நோய் வந்தால் அவர்களால்தான் வரும் என்று பேச்சு. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. "செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார் ஊருக்குள் வருவதையும், குழு உறுப்பினர் நடத்தும் கடைகளில் அவர்களுக்குப் பொருள் கொடுப்பதையும் மறு உத்தரவு வரும் வரை நிறுத்துவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இதுதான் வாசகம். எழுதும்போது என் கை நடுங்கியது என்று இப்போது சொன்னால் அது பொய். நல்ல எழுத்தாக, கோடு தவறாமல் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஊரில் இருக்கிற மூன்று கடையில் இரண்டு குழுக் கடன் வாங்கி வைத்த கடை. நாம் நிறுத்தினால் அவர்களுக்கு நின்றது மாதிரிதான். முதலாளி சென்னையில் இருந்தார், வர முடியவில்லை. மேஸ்திரி முதல் வாரம் செலவுக்காசு கொடுத்தான். காசு இருந்து என்ன செய்ய, அரிசி விற்க ஆள் இல்லை. ஏப்ரல் 2க்கு மேல் நமக்கெல்லாம் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். நாங்கள் வட்டம் போட்ட கட்டத்தில் வரிசையாக நின்று வாங்கினோம். அவர்களுக்கு ஏது கார்டு?

என் மாமியார் மாட்டுக்குப் புல் அறுக்க ஆற்றுப்பக்கம் போனவர் வந்து சொன்னார். "ஏம்மா, அந்தப் பொண்ணுங்க நம்ம கொல்லை வரப்புல கீரை கிள்ளிட்டு ஓடுதுங்க. ஒண்ணுக்கு மாசம் நிறைஞ்ச வயிறு. என்னைப் பார்த்ததும் கீரையைக் கீழ போட்டுட்டு கும்பிடுது." அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் இல்லை, சாப்பிட்டேன். ஆனால் மனசில் நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் பயமாக இருந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்து வந்தார். சேம்பருக்கும் போனார். போனால் குடிசையில் ஆளே இல்லை. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கல் அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறார்கள். காய்ச்சல் என்று தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், கணக்கு தீராமல் விரட்டிவிடுவார்கள், அறுத்த கல்லுக்குக் காசு போய்விடும் என்று பயம். செவிலியர் என்னிடம் வந்து, "நீங்க முள்ளு போட்டுட்டா நோய் நின்னுடுமா? அங்க யாருக்காவது காய்ச்சல் இருந்தா எனக்கே தெரியாது. எனக்குத் தெரியலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. நாங்கள் நோயை வெளியே நிறுத்தவில்லை. நோய் இருந்தால் ஒளிந்துகொள்ள இடம் பண்ணிக் கொடுத்தோம்.

இந்த இடத்தில் என் அப்பாயி கதையைச் சொல்ல வேண்டும். என் பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் அப்பாயியைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாரம் போனில் பேசும்போது, எங்க ஊர்ல முள்ளு போட்டு அடைச்சாச்சு அப்பாயி, சேம்பர்காரங்களைக்கூட உள்ளே விடலை என்று பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளை குட்டியும் இருக்கா அதுல?" என்று கேட்டார். இருக்கு என்றேன். "எங்களையும் அப்படித்தான் வச்சிருந்தாங்க" என்றார்.

அப்பாயி சொன்னதையும், பிறகு நான் நூலகத்தில் எடுத்துப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் ஜனங்களைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். சர்தார் செய்கிற அதே வேலை. ஆரம்பத்தில் படகில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடைதான். வழியில் காலராவிலும் அம்மையிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. காலராவைக் கொண்டு வருகிறவர்கள் இந்தக் கூலிகள்தான் என்று அங்கே உள்ளவர்கள் பயந்தார்கள். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. மில் தொழிலாளர்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடினார்கள். மறு வருஷமே தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். 2020ல் நம்மை அடைத்து வைத்ததும் அதே 1897ஆம் வருஷச் சட்டத்தையும் சேர்த்துத்தான்.

சிலோனுக்குப் போகிறவர்களை நிறுத்திப் பரிசோதிக்க முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட பிறகு மண்டபம் முகாம்தான் பெரிய முகாம். இடம் நம்மூர், நடத்தியது சிலோன் அரசாங்கம். அப்பாயியின் அம்மா அதன் வழியாகத்தான் போனாராம். கட்டின புடவையை அவிழ்த்து வாங்கி ஆவியில் போட்டு எடுப்பார்கள். மருந்துத் தண்ணீரில் குளிக்க வேண்டும். அம்மை ஊசி, கொக்கிப்புழுவுக்கு மருந்து, பிறகு சில நாள் அடைத்து வைத்து நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பல். அந்த மானக்கேட்டை அந்தம்மா சாகிற வரை சொல்லி அழுவாராம். ஆனால் அப்பாயி இன்னொன்றும் சொன்னார். "அடைச்சுத்தான் வச்சாங்க. ஆனா சோறு போட்டாங்க. வைத்தியர் பார்த்தாரு. தோட்டத்துக்கு ஆள் வேணுமில்ல, சாக விடுவாங்களா? நீங்க என்ன பண்றீக, அடைச்சும் வச்சுட்டு சோத்தையும் நிறுத்திட்டீகளா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாயி பிறந்ததே அங்கே லயத்தில்தான். 1948ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சத்தைப் பிறகு பேசுவது என்று பிரித்துக்கொண்டார்கள். அப்படித்தான் அப்பாயி என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, தன் அம்மா போன அதே மண்டபம் முகாமில் இறங்கினார். கையில் குடும்ப அட்டை என்று ஒரு காகிதம். அதை இன்றைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். பேப்பர் இல்லாமல் இருந்தவருக்குத்தான் பேப்பரின் அருமை தெரியும்.

ஏப்ரல் 8 புதன்கிழமை மறுபடி கூட்டம் போட்டோம். நான்தான் தலைவி அக்காவிடம் போய்க் கேட்டேன். இந்தக் கூட்டம் சண்டையில்தான் போனது. எதிர்த்துப் பேசியவர்களைக் கெட்டவர்களாக எழுத மாட்டேன், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நூறு நாள் வேலை நின்றுவிட்டது, வீட்டுக்காரர்களுக்கு வேலை இல்லை, குழுக் கடன் தவணை நிற்கிறது, நம் பிள்ளைகளுக்கே பால் வாங்கக் காசில்லை என்றார்கள். "லட்சம் லட்சமாச் சம்பாதிக்கிற முதலாளி சோறு போடட்டும். அவரை விட்டுட்டு நாம ஏன் போடணும்?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதானே? மார்ச் 29 அன்றே மத்திய அரசு, வேலை நின்றாலும் கூலி பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டிருந்தது. அதே தேதியில்தான் நாங்கள் எங்கள் தீர்மானத்தைப் போட்டோம்.

அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கச்சி, கூட்டத்தில் வாயே திறக்காதவள், பேசினாள். அவள் தம்பி மலேசியாவில் இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். பெர்மிட் முடிந்து இரண்டு வருஷமாகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஒரே ரூம்ல எட்டுப் பேர் இருக்காங்களாம்க்கா. ஒருத்தனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு போகலை. பக்கத்துல ஒரு சீன அம்மா தினம் வாசல்ல கஞ்சி வச்சுட்டுப் போகுதாம். அந்தம்மா வைக்கலைன்னா என் தம்பி என்ன ஆவான்?" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. எங்களாலும்தான்.

பழைய தீர்மானத்தை அடித்தோம். அடித்த இடத்தில் தலைவி, செயலாளர், பொருளாளர் கையெழுத்து இருக்கிறது.

அடித்துவிட்டோம், அரிசிக்கு எங்கே போவது? நலிவு நிலை குறைப்பு நிதியில் எடுக்கலாம் என்று நினைத்தோம். போனில் கேட்டால், அது ஊராட்சியில் உள்ள நலிந்த குடும்பங்களுக்குத்தான், பட்டியலில் இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் தணிக்கையில் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மேல் குற்றமில்லை, விதி அப்படி. பிறகு பழைய வழிதான், பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பது, இரண்டு நாளைக்கு ஒரு தடவை சேர்ப்பது. முதல் தடவை 38 கிலோ வந்தது. எதிர்த்துப் பேசிய அக்கா வீட்டில் இருந்து ஒரு படி துவரையும் வந்தது. பேர் போடாதே என்றார், போடவில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்க அரசும் உத்தரவு போட்டிருந்தது. தமிழ்நாட்டில் அவர்களை விருந்தினர் தொழிலாளர் என்று சொல்லச் சொன்னார்கள். நல்ல பேர்தான். ஆனால் விருந்துக்குப் பட்டியல் வேண்டுமே! பேர், ஊர், ஆதார் எண் கொடுங்கள் என்றார்கள். மேஸ்திரி கொடுக்க மாட்டேன் என்கிறான். ஏன் என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. பட்டியல் கொடுத்தால் இத்தனை பேரை எந்தப் பதிவும் இல்லாமல் வைத்திருக்கிறாயா என்று கேள்வி வரும். தொழிலாளர்களும் கொடுக்கவில்லை. போலீசுக்குப் போகிற பட்டியலோ, ரேஷனுக்குப் போகிற பட்டியலோ, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் நமது கூட்டமைப்பு செய்த காரியத்தில் பெரியது என்று நான் நினைப்பது நடந்தது. சமைத்துப் போட்டதைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். செயலாளர் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். அதில் பேர் கிடையாது. குடிசைக்கு ஒரு நம்பர் சுண்ணாம்பில் எழுதினோம், 1 முதல் 31 வரை. ஒவ்வொரு நம்பருக்கும் பெரியவர் எத்தனை, பிள்ளை எத்தனை, மாசமாக இருப்பவர் உண்டா, காய்ச்சல் உண்டா, அவ்வளவுதான். மொத்தம் 112 பேர். அரிசி அந்த நம்பரை வைத்துத்தான் கொடுத்தோம். செவிலியரும் அதே நோட்டை வைத்துக் காய்ச்சல் பார்க்க ஒத்துக்கொண்டார். கார்டு கேட்க மாட்டேன், பேர் கேட்க மாட்டேன், உடம்பு மட்டும் பார்க்கிறேன் என்றார். இரண்டு பேர் அரிசிப் பானையோடு கூடப் போனோம். முதல் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் முன்னால் ஓடி வந்து கையை நீட்டின. ஒரு கிழவருக்கு நாள்பட்ட இருமல் இருந்தது. கொரோனா இல்லை, காசநோய். மாத்திரை ஆரம்பித்தார்கள். நோட்டு இல்லாவிட்டால் அவரும் கல் அடுக்குக்குப் பின்னால்தான் இருந்திருப்பார்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இந்தக் கட்டுரைக்காகத் தேடிப் படித்தேன். போர்ச்சுகல் என்று ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. 2020 மார்ச் கடைசியில், தங்கும் அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற வெளிநாட்டுக்காரர் எல்லோரையும் ஜூன் 30 வரைக்கும் அனுமதி உள்ளவராகவே வைத்துக்கொள்வோம், ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். மனுவே போடாதவனுக்கு அதிலும் இடமில்லைதான். மலேசியாவில் முதலில், பேப்பர் இல்லாதவர்களும் பரிசோதனைக்கு வரலாம், பிடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள். பிறகு மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினம் அன்றைக்கே, கோலாலம்பூரில் கட்டடங்களைச் சுற்றி வளைத்து நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மாதமே பிடித்து வைத்த முகாம்களுக்குள் நோய் பரவியது. நம்ம தங்கச்சியின் தம்பி அதில் மாட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ரூமில் யாருக்கு என்ன வந்தாலும் வெளியே சொல்லவில்லையாம்.

அந்த மாசமான பெண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 17ஆம் நம்பர் குடிசை. தமிழ்நாட்டில் கர்ப்பமானால் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு எண் இல்லை, ஸ்கேன் இல்லை, ஊசி ஒன்றோ இரண்டோ அவள் ஊரில் போட்டது. ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி வலி வந்தது. 108க்குப் போன் பண்ணினோம். வண்டி வருவதற்கு முள்ளை எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் மூன்று பையன்களும் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அவர்கள் போட்ட முள்ளை அவர்களே இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் எண் எங்கே, ஆதார் எங்கே என்று கேட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றது. செவிலியர் போனில் சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். பெண் குழந்தை, இரண்டேகால் கிலோ. என் மாமியார் பழைய வாயில் புடவையைக் கிழித்துத் துணி கொடுத்து அனுப்பினார்.

மே முதல் வாரத்தில் நம்ம ஊராட்சியிலும் கொரோனா வந்தது. எங்கிருந்து? கோயம்பேடு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போய் வந்த நம்ம ஊர் ஆட்கள் இரண்டு பேருக்கு. அப்போது கோயம்பேட்டில் இருந்து பல மாவட்டத்துக்கும் பரவியது, மே 5ல் மார்க்கெட்டையே மூடினார்கள். சேம்பரில் அந்தக் கோடை முழுக்க ஒருவருக்கும் வரவில்லை. அந்த இரண்டு வீட்டையும் தகரம் வைத்து அடைத்தபோது, அவர்களுக்கும் நாங்கள்தான் சோறு கொண்டுபோனோம். அதில் ஒருவர் முள் போட முதலில் அரிவாள் எடுத்தவர். இதை அவரே சொல்லிச் சிரிப்பார், அதனால் எழுதுகிறேன்.

ஊருக்குப் போக வேண்டும் என்று சேம்பர் ஆட்கள் துடித்தார்கள். மே 8ல் மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கம் நடந்தே போன தொழிலாளர்கள் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கி, சரக்கு ரயில் ஏறி 16 பேர் செத்ததை டிவியில் காட்டினார்கள். தண்டவாளத்தில் ரொட்டி சிதறிக் கிடந்தது. நம்ம ஆட்களும் நடக்கக் கிளம்பிவிடுவார்களோ என்று பயம். மே 1 முதல் ஷ்ரமிக் ரயில் விட ஆரம்பித்திருந்தார்கள். மொத்தத்தில் 4,600 ரயிலுக்கு மேல் ஓடி, 60 லட்சம் பேருக்கு மேல் ஊர் சேர்ந்தார்கள். அதற்கு மட்டும் பேர், ஆதார் எல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை அவர்களே எங்களிடம் வந்து கொடுத்தார்கள். மேஸ்திரியிடம் இருந்த ஆதாரை எல்லாம் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான். நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பாரம் எழுதினோம். பேர் எழுதும்போதுதான் 17ஆம் நம்பருக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரிந்தது.

தோற்றதையும் எழுத வேண்டும். கூலிக் கணக்கு தீரவில்லை. மழை வரும் வரை இருந்தால்தான் கணக்கு, பாதியில் போனால் முன்பணமே பாக்கி என்று சொல்லி, குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள். அறுத்த பச்சைக்கல் களத்தில் அடுக்கடுக்காக நின்றது, எல்லோரும் பார்த்தோம். நாங்கள் கேட்கவில்லை. நம்ம வீட்டு ஆண்கள் பாதிப் பேர் அதே சேம்பரில் லாரி ஓட்டுகிறார்கள், லோடு ஏற்றுகிறார்கள். அரிசி கொடுக்கத் தைரியம் வந்தது, கூலி கேட்க வரவில்லை. பஸ் கிளம்பும்போது அவர்கள் நம்மைக் கும்பிட்டார்கள். எனக்கு அந்தக் கும்பிடு பிடிக்கவில்லை.

ஊர் போனதும் அங்கேயும் பள்ளிக்கூடத்தில் 14 நாள் தனியாக வைத்தார்கள். ஒழுங்காக இருந்து முடித்தவர்களுக்கு ஒடிசா அரசு 2,000 ரூபாய் கொடுத்தது. ஒடிசாவில் நம்மைப் போல மிஷன் சக்தி என்று மகளிர் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் குழுப் பெண்கள் ஊராட்சி ஊராட்சியாகச் சமைத்துப் போட்டார்கள். 17ஆம் நம்பர் வீட்டுக்காரன் வீடியோ காலில் சாப்பாட்டுத் தட்டைக் காட்டினான். தட்டுக்குப் பின்னால் புடவை முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு அம்மா கரண்டியோடு நின்றார். நம்ம தலைவி அக்கா மாதிரியே இருந்தார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு ஐந்து மாதம் அலைந்தோம். செவிலியர்தான் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அதற்குப் பிறகு சட்டத்தில் சிலது மாறியது. 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் வந்தது. வெளிமாநிலக் கார்டு வைத்திருப்பவரும் இங்கே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். 2021 ஜூன் 29ல் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலமும் இதைச் செய்ய வேண்டும், தொழிலாளர்களுக்குச் சமூக சமையல்கூடம் நடத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவு வந்தது. ஆனால் 1979 சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பில் ஐந்து பேர் என்றிருந்தது பத்து பேர் என்று ஆகிவிட்டது. சின்ன மேஸ்திரிகளுக்கு இது சௌகரியம்தான்.

இந்த அடித்த பக்கத்தை மலரில் போடலாமா என்று போன கூட்டத்தில் கேட்டேன். வேண்டாம், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று சிலர் சொன்னார்கள். தலைவி அக்கா, போடு, ஆனா அடிச்சதையும் சேர்த்துப் போடு என்றார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து சேம்பருக்கு 27 குடும்பம் வந்திருக்கிறது. சுண்ணாம்பு நம்பர் மறுபடி எழுதியாச்சு. ரேஷன் கைரேகை 19 குடும்பத்துக்கு விழுகிறது, மற்றவர்களுக்கு ஆதார் இணைப்பு இல்லை. அங்கன்வாடியில் 9 பிள்ளைகளைச் சேர்த்துவிட்டோம். நான்கு பிள்ளைகளுக்கு வயசுச் சான்று இல்லை என்று நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கேட்கப் போகிறோம், வர முடிந்த சகோதரிகள் காலை பத்து மணிக்கு அங்கன்வாடி வாசலுக்கு வந்துவிடுங்கள்.